வெளிநாட்டுத் தன்னார்வப் பணி: மாணவர்கள் எந்தச் சேவையை நம்பிப் போகலாம்?

மாணவர்களை வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்கு அனுப்பும் எந்தச் சேவையின் பக்கத்தைத் திறந்தாலும், முதலில் கண்ணில் படுவது போய்வந்த மாணவர்கள் எழுதிய அனுபவக் குறிப்புகள்தான். மறக்க முடியாத இரண்டு வாரம், குழந்தைகளின் சிரிப்பு, மாறிப்போன வாழ்க்கை என்று உருக்கமாக இருக்கும். எழுதியவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தக் குறிப்பில் மூன்று விவரங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்தார்? அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அவர் கிளம்பிய மறுநாள் அந்த வேலை யார் கைக்குப் போனது? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தத் திட்டத்தை மேற்கொண்டு விசாரிக்கலாம். ஒன்றுக்குக்கூட இல்லை என்றால், அது பயணக் குறிப்பு. பணியின் தரத்தை அதிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். இங்கே பார்க்கப்போகும் எல்லாச் சேவைகளையும் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறோம்.

முதலில், பணம் கட்டிப் போகும் ஏஜென்சி பேக்கேஜ். கட்டணத்துக்குள் வழக்கமாக அடங்குபவை: விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போவது, தங்குமிடம், சாப்பாடு, ஓர் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், ஓரிரு நாள் அறிமுக வகுப்பு. விமான டிக்கெட், விசா, தடுப்பூசி எல்லாம் தனிச் செலவு. இன்சூரன்ஸும் பல இடங்களில் தனிதான். 18, 19 வயதில் முதல்முறையாகத் தனியே நாடு விட்டுப் போகிறவருக்கு இதனால் உண்மையான பயன் உண்டு. நடு இரவில் காய்ச்சல் அடித்தால் அழைக்க ஓர் ஆள் இருக்கிறார், எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கட்டணத்தின் பெரும்பகுதி இந்தப் பாதுகாப்புக்குத்தான் என்று நேர்மையாகச் சொல்லும் ஏஜென்சியில் குறை காண ஒன்றுமில்லை.

சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. ஒரு நாட்டில் விளம்பரம் செய்யும் ஏஜென்சி, போகும் நாட்டில் இன்னொரு ஏஜென்சியிடம் மாணவரை ஒப்படைக்கும். அது ஒரு பள்ளியிடமோ சிறு தொண்டு நிறுவனத்திடமோ ஒப்படைக்கும். கைமாறிக் கைமாறிப் போவதற்குள், மாணவர் விண்ணப்பத்தில் எழுதிய படிப்பும் திறமையும் காணாமல் போய்விடும். அங்கே இறங்கும்போது வருகிறவர் கணக்கியல் படித்தவரா, உயிரியல் படித்தவரா என்பதே அந்தப் பள்ளிக்குத் தெரிந்திருக்காது. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே வேலை நடக்கும் அமைப்பின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு நேரடியாக எழுதி, ஆள் வேண்டும் என்று கேட்டது நீங்கள்தானா, என்ன வேலைக்கு, மேற்பார்வை யார் என்று விசாரியுங்கள். பணம் கட்டிய பிறகுதான் பெயர் சொல்வோம் என்கிற ஏஜென்சியை அந்த இடத்திலேயே விட்டுவிடலாம். கட்டணத்தில் எவ்வளவு அந்த அமைப்புக்கும் தங்கவைக்கும் குடும்பத்துக்கும் போகிறது, எவ்வளவு அலுவலகத்துக்கும் விளம்பரத்துக்கும் போகிறது என்ற பிரிவினையையும் எழுத்தில் கேட்க வேண்டும். ஒழுங்காக நடத்துகிறவர்களிடம் இந்தக் கணக்குத் தயாராக இருக்கும்.

போய் இறங்கியதும் வேலை மாறிப்போவது இந்தப் பேக்கேஜ்களில் அடிக்கடி வரும் புகார். காரணம் எளிமையானது: விடுமுறை மாதங்களில்தான் எல்லா மாணவர்களும் கிளம்புகிறார்கள். மூன்று பேர் தேவைப்படும் இடத்தில் பதினைந்து பேர் நிற்பார்கள். அதைவிடக் கொடுமை, கற்பிக்கப் போன நாட்டில் அதே மாதத்தில் பள்ளிக்கும் விடுமுறையாக இருப்பது. அந்தப் பள்ளியின் ஆண்டு நாட்காட்டியை முன்கூட்டியே அனுப்பச் சொல்வது ஒரே ஒரு மின்னஞ்சல் வேலை. இரண்டு வாரம் வகுப்புக்குப் பதில் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வருவதை அது தவிர்க்கும்.

இனி வேலைகளை வகைவாரியாகப் பார்க்கலாம், ஏனென்றால் ஒரே ஏஜென்சி நல்ல திட்டத்தையும் கெட்ட திட்டத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விற்கும்.

குழந்தைகள் இல்லங்களில் குறுகிய காலப் பணி: போகவே வேண்டாம். இதில் இரண்டாவது எண்ணத்துக்கு இடமில்லை. உலகெங்கும் இந்த இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார். வறுமையாலும், படிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையாலும் அவர்கள் அங்கே கொண்டுவந்து விடப்படுகிறார்கள். வெளிநாட்டுத் தன்னார்வலர்களும் அவர்கள் கொண்டுவரும் பணமும் வரும் வழி திறந்திருக்கும்வரை, இல்லத்தில் குழந்தைகளை நிறைத்துவைப்பதில் நடத்துகிறவருக்கு ஆதாயம் இருக்கிறது. நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது பரவலாகப் பதிவானது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இப்படிக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கடத்துவதையும் நவீன அடிமைமுறையின் வடிவமாக ஏற்றுக்கொண்டது. இல்லம் நேர்மையானதாகவே இருந்தாலும் பிரச்சினை தீராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது முகம் வந்து கொஞ்சிவிட்டுப் போகிறது. ஒவ்வொரு பிரிவும் அந்தக் குழந்தையிடம்தான் மிஞ்சுகிறது. வாசலில் இறங்கிய நிமிடமே முன்பின் தெரியாதவரின் கையைக் குழந்தை ஓடிவந்து பிடித்துக்கொண்டதாகப் பல அனுபவக் குறிப்புகள் நெகிழ்ந்து எழுதுகின்றன. குழந்தை நலம் அறிந்தவர்கள் அதை, வளர்ப்பவரோடு இருக்கவேண்டிய பற்றுக் குலைந்ததன் அறிகுறியாகவே படிப்பார்கள். இந்த வகைப் பணி பட்டியலில் இருக்கிறது, போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழும் கேட்கவில்லை, நேர்காணலும் இல்லை என்றால், அந்த ஏஜென்சியின் மற்றத் திட்டங்களையும் நம்ப முடியாது.

கட்டட வேலை. கரணை பிடித்துப் பழகாதவர் கட்டும் சுவரில் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தாலே கோணல் தெரிந்துவிடும். செங்கலை நனைக்காமல் வைத்தால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிமானம் இருக்காது. கலவையில் தண்ணீர் கூடினால் வலு குறையும். கட்டிய சுவரை ஒரு வாரமாவது நனைத்துப் பதப்படுத்த வேண்டும், ஆனால் அணி அதற்குள் சுற்றுலாவுக்குக் கிளம்பியிருக்கும். இந்தத் திட்டங்களில் சரியானவை எப்படி இருக்கும் என்றால், உள்ளூர்க் கொத்தனார்கள் கூலி வாங்கிக்கொண்டு கட்டுவார்கள், மாணவர்கள் மண் அள்ளுவது, கல் சுமப்பது, சலிப்பது என்று சித்தாள் வேலை செய்வார்கள். தளத்தில் சம்பளம் வாங்கும் கொத்தனார் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லை என்றால் அந்தக் கட்டடத்துக்குள் குழந்தைகளை உட்கார வைக்கக் கூடாது.

மருத்துவமனைப் பணியில் கோடு தெளிவானது. சொந்த நாட்டில் எந்தச் சிகிச்சையைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லையோ, அதை வேறெங்கும் செய்யக் கூடாது. ஊசி போடுவது, தையல் போடுவது, பிரசவத்தில் கைவைப்பது எல்லாம் இதில் அடக்கம். நேரடிப் பயிற்சி என்ற பெயரில் இவற்றை விளம்பரப்படுத்தும் திட்டம் நோயாளியைப் பயிற்சிப் பொருளாக விற்கிறது. கூடநின்று பார்ப்பது, பதிவேடுகளை ஒழுங்குபடுத்துவது, கிடங்கில் மருந்துகளின் காலாவதித் தேதிகளைச் சரிபார்ப்பது, இவை மாணவர் நன்றாகச் செய்யக்கூடியவை. செய்து முடித்தால் அங்கே ஒரு பயனும் நிற்கும்.

ஆங்கிலம் கற்பிப்பதில் நடப்பது வேறு. முந்தைய தன்னார்வலர் எந்தப் பாடத்தில் நிறுத்தினார் என்ற குறிப்பு இருக்காது. புதிதாக வருகிறவர் நிறங்கள், விலங்குகள், எண்கள் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அந்தக் குழந்தைகள் அதே நிறப் பாட்டைப் பலமுறை பாடியிருப்பார்கள். தீர்வுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: தேதி, வகுப்பு, நடத்தியது, புரியாமல் நின்ற இடம். இப்படி ஒரு பதிவேடு பள்ளியில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். வகுப்பைத் தனியாக எடுப்பதைவிட நிரந்தர ஆசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது அதிகம் நிலைக்கும், ஏனென்றால் மாணவர் போன பிறகும் ஆசிரியர் அங்கேதான் இருப்பார்.

குறுகிய காலத்திலும் உருப்படியாக நடக்கும் வேலை எது என்று கேட்டால், நல்ல மேற்பார்வையுள்ள கடலாமைப் பாதுகாப்பு முகாமைத் தயங்காமல் சொல்லலாம். வேலை எளிது, விதிமுறை கறாரானது, பதிவேடு தொடர்ச்சியானது. இரவில் கடற்கரையில் மணிக்கணக்கில் நடந்து தடம் தேட வேண்டும். பங்குனி ஆமை ஒருமுறைக்குச் சுமார் நூறு முட்டை இடும். கூடு ஆபத்தான இடத்தில் இருந்தால் சில மணி நேரத்துக்குள் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றியாக வேண்டும். நேரம் கடந்தால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு முட்டையைப் புரட்டினால் அது செத்துவிடும். அதனால் எடுத்த நிலை மாறாமல் தூக்கி, இயற்கைக் கூட்டின் அதே ஆழத்தில், சுமார் 45 செ.மீ. குழியில் வைப்பார்கள். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும் என்பதால் நிழல்வலை கட்டி வெப்பநிலையைக் குறித்துவைப்பார்கள். இரண்டு வாரம் இருப்பவர் தான் புதைத்த முட்டை பொரிவதைப் பார்க்க மாட்டார். பரவாயில்லை, குழியின் மேல் நட்ட அட்டையில் தேதியும் எண்ணிக்கையும் இருக்கிறது, அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடர்வார்.

போலி முகாமையும் இதே விவரங்களை வைத்துப் பிடித்துவிடலாம். வெள்ளை டார்ச்சோ போன் விளக்கோ அனுமதித்தால் அது முகாமே இல்லை. குஞ்சுகள் வெளிச்சம் அதிகமான திசையைக் கடல் என்று நம்பிப் போகும், அதனால்தான் சிவப்பு விளக்கு. விருந்தினர் வரும்வரை குஞ்சுகளைத் தொட்டியில் வைத்திருந்தாலும் தவறு. பிறந்த உடனே இடைவிடாமல் நீந்திக் கரையைத் தாண்டுவதற்கான சக்தி அந்தத் தொட்டியிலேயே தீர்ந்துபோகும். சிங்கக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கும் திட்டங்கள் இன்னும் மோசம். தாயிடமிருந்து பிரித்தால்தான் அந்தக் குட்டி தன்னார்வலரின் மடிக்கு வரும். மனிதரிடம் பழகிய சிங்கத்தைக் காட்டில் விடவும் முடியாது.

ஏஜென்சி இல்லாமல் போகிறவர்களுக்கு வூஃப், வொர்க்கவே போன்ற பரிமாற்றத் தளங்கள் இருக்கின்றன. வூஃப் 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. இயற்கை வேளாண் பண்ணைகளுக்கு மட்டும். நாளுக்கு 4 முதல் 6 மணி நேர வேலை, பதிலுக்குத் தங்குமிடமும் சாப்பாடும். ஒவ்வொரு நாட்டு அமைப்பிலும் தனித்தனியாக உறுப்பினராக வேண்டும் என்பதை மறந்துவிட வேண்டாம். வொர்க்கவே ஒரே சந்தாவில் பல நாடுகளைத் திறந்துவிடும், வாரத்துக்குச் சுமார் 25 மணி நேரம் என்பது அதன் வழக்கம். பண்ணை, விடுதி, வீட்டில் குழந்தை பார்ப்பது, தோட்டம் என்று எல்லாம் இருக்கும். அதில் ஒரு பகுதியைத் தன்னார்வப் பணி என்று சொல்லவே முடியாது. லாபத்துக்கு நடக்கும் விடுதியில் மெத்தை விரிப்பு மாற்றுவது ஒரு சம்பளக்காரரின் வேலை. அங்கே போகாதீர்கள்.

இந்தத் தளங்களில் தங்கவைக்கும் ஹோஸ்டும் மாணவரும் ஒருவரையொருவர் மதிப்பிடுவதால், கசப்பான அனுபவங்களும் மென்மையாகவே எழுதப்படுகின்றன. ஐந்து நட்சத்திரத்தைப் பார்க்காமல், எழுதாமல் விட்டதைப் படிக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இரண்டு வாரத்துக்கு வந்தவர் நாலே நாளில் கிளம்பியிருக்கிறார் என்றால் காரணம் இருக்கும். முன்பு தங்கிய இருவருக்காவது செய்தி அனுப்பிக் கேளுங்கள். வேலை நேரம், விடுமுறை நாள், அறையைப் பூட்ட முடியுமா, பக்கத்துப் பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்பதை ஹோஸ்டிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வருவதற்கான பணத்தைத் தொடாமல் கையில் வைத்திருப்பது இங்கே கட்டாயம். வெளியேற முடிந்தவரிடம்தான் ஹோஸ்ட் நியாயமாக நடந்துகொள்வார்.

என் கணிப்பில், மாணவர்களுக்கு மிகவும் பொருத்தமானதும் மிகக் குறைவாகத் தெரிந்ததும் பணிமுகாம்தான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் 1920-இல், முதல் உலகப் போரில் சிதைந்த, பிரான்ஸின் வெர்டன் அருகிலுள்ள எஸ்ன் கிராமத்தில் வீடுகளைத் திரும்பக் கட்ட ஒரு சிறு குழுவைச் சேர்த்தார். அதிலிருந்து வளர்ந்தது சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல். இன்றும் வழக்கம் ஏறக்குறைய அதேதான்: பல நாட்டு இளைஞர்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து, இரண்டு மூன்று வாரம், உள்ளூர் அமைப்பு கேட்ட ஒரு குறிப்பிட்ட வேலையை முடிப்பார்கள். சொந்த நாட்டுக் கிளை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பங்கேற்புக் கட்டணம் ஏஜென்சிப் பேக்கேஜோடு ஒப்பிட்டால் சிறிது. சமையலும் துப்புரவும் முறைவைத்துச் செய்வதுதான். வசதியை எதிர்பார்த்துப் போனால் முதல் இரவே வருத்தப்படுவீர்கள். தரையில் பாய், பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்று இருக்கலாம். ஆனால் வேலைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, அடுத்த முகாம் எங்கே தொடர வேண்டும் என்பதும் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் தன்னார்வத் திட்டமான ஐரோப்பியச் சாலிடாரிட்டி கோர், தகுதி உள்ளவர்களுக்கு இதைவிடவும் நல்லது. 18 முதல் 30 வயதுவரை; ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதோடு இணைந்த சில நாடுகளிலும் சட்டப்படி வசிப்பவர்களுக்கு. தனிநபர் பணி வழக்கமாக 2 முதல் 12 மாதம், வாரத்துக்கு 30 முதல் 38 மணி நேரம். பயணச் செலவுக்கு நிதி, தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு, கைச்செலவுப் பணம் எல்லாம் திட்டத்திலிருந்தே வரும், மாணவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. தரச் சான்று பெற்ற அமைப்புதான் ஆள் எடுக்க முடியும். ஒரு வழிகாட்டி நியமிக்கப்படுவார், போனதும் பயிற்சி, நீண்ட பணியென்றால் நடுவில் ஒரு மதிப்பாய்வுக் கூட்டம், முடிவில் கற்றதைப் பதியும் யூத்பாஸ் சான்றிதழ். பயண ஏற்பாட்டில் இடறும் இடம் விசா. நீண்ட காலம் என்பதால் குறுகிய காலச் சுற்றுலா விசா போதாது, விண்ணப்பத்துக்கே சில வாரங்கள் ஒதுக்க வேண்டும்.

விசா விஷயத்தில் பல சேவைகள் மெத்தனமாக இருக்கின்றன. சுற்றுலா விசாவில் வாருங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்று எழுதி அனுப்பும் ஏஜென்சிகள் உண்டு. கேட்பார்கள். நியூசிலாந்தில் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பதிலாகச் செய்யும் வேலையும் ஊதிய வேலையாகவே கருதப்படும். பிரிட்டனில் பார்வையாளராகப் போகிறவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள்வரைதான் தன்னார்வப் பணி செய்யலாம். விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்டால் அந்தப் பதிவு பின்னால் வரும் ஒவ்வொரு விசா விண்ணப்பத்திலும் பேசும். ஏஜென்சி சொல்வதை விட்டுவிட்டு, அந்த நாட்டுத் தூதரகத்துக்கு வேலையின் விவரத்தை எழுதி, எந்த விசா என்று பதில் வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் பார்க்க வேண்டியது விலக்குப் பட்டியல். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் உடலுழைப்பு, உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை, உரிமம் இல்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது ஆகியவற்றுக்கு இழப்பீடு கிடையாது. நீங்கள் செய்யப்போகும் வேலையைச் சொல்லி, அது அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அவசர மருத்துவ இடமாற்றச் செலவும் அதில் இருக்க வேண்டும்.

தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடுவது வழக்கமான தவறு. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ், போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் செல்லும். 2016 முதல் ஆயுள் முழுக்கச் செல்லும். ஹெப்பாடிடிஸ் பி வழக்கமான அட்டவணையில் 0, 1, 6 மாதம், ஆகவே ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். விலங்குகளோடு வேலை செய்கிறவருக்கும் தொலைதூரக் கிராமங்களுக்குப் போகிறவருக்கும் வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசி அவசியம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி 0, 7-ஆம் நாட்களில் இரண்டு. முன்பே போட்டிருந்தால், கடிபட்ட பிறகு கிராமங்களில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் பொருள் கொண்ட ஊசி) தேவைப்படாது. ஆனாலும் சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மறு ஊசிகளுக்குப் போக வேண்டும்.

இவ்வளவு தூரம் பயணமே செய்ய முடியாதவர்களுக்கு ஐக்கிய நாடுகள் தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணி இருக்கிறது. 18 வயது நிறைந்திருந்தால் போதும், கட்டணம் இல்லை. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவுத் திரட்டு போன்ற வேலைகளை வீட்டிலிருந்தே வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள் முடித்துக்கொடுக்கலாம். மொழித்திறன் உள்ள மாணவர் நேரில் போய் இரண்டு வாரம் சுவருக்கு வண்ணம் அடிப்பதைவிட இதில் கூடுதல் பயன் தருவார்.

போய்வந்த பிறகு எழுதப்போகும் குறிப்பு அடுத்த மாணவருக்கு உதவ வேண்டுமென்றால், அங்கே இருக்கும்போதே நாள்தோறும் நாலு வரி எழுதிவையுங்கள்: செய்த மணி நேரம், செய்த வேலை, யார் திருத்தினார்கள், எது பாழானது. கடைசி இரண்டு நாளை ஒப்படைப்புக்கு ஒதுக்கி, தொடரப்போகிறவரின் முன்னால் உட்கார்ந்து அந்தக் குறிப்பைப் படித்துக்காட்டி, ஒரு நகலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். குழந்தைகளின் படங்களை வெளியிடும் முன் பெற்றோரின் அனுமதியைக் கேளுங்கள், பள்ளியின் பெயரும் இடமும் படத்தில் தெரியக் கூடாது. மலேரியாப் பகுதிக்குப் போயிருந்தால் மாத்திரையை விமானம் இறங்கியதும் நிறுத்த வேண்டாம். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் இன்னும் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம். அதன் பிறகு ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.